புதுப்பிப்பு: தம்பி நீட் மறுபடி எழுதலாமான்னு கேட்டிருந்தேன்ல, முடிவு தெரிஞ்சிருச்சு

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. மறுபடி எழுதுனான், கவர்மெண்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல தேனி அரசு மெடிக்கல் காலேஜ்ல சீட் கெடச்சிருச்சு.

மறுபடி எழுதலாம்னு முடிவெடுக்க உதவுனது, முதல் தடவை எழுதுனதோட ஓஎம்ஆர் ஷீட்டையும் (விடையைக் குறிக்கிற தாள்) ஆன்சர் கீயையும் டவுன்லோட் பண்ணி பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்கன்னு ஒரு அண்ணன் சொன்னதுதான். நாங்க பயாலஜிதான் காலை வாரிருச்சுன்னு நெனச்சோம், பாத்தா பிசிக்ஸ்ல பயபுள்ள தெரியாததுக்கெல்லாம் குத்துமதிப்பா அடிச்சு வச்சிருக்கான், தப்பான ஒவ்வொண்ணுக்கும் மைனஸ் 1 மார்க். இது சரிபண்ணக்கூடிய விஷயம்தானேன்னு அப்பாவும் ஒத்துக்கிட்டாரு. பாடமே புரியாம போயிருந்தா நானே ஒத்தக்கடை அக்ரி காலேஜுக்கு அப்ளை பண்ணச் சொல்லிருப்பேன், அதுக்கு பிளஸ் டூ மார்க் போதும்.

ரிப்பீட்டருக்கு 7.5 கெடைக்காதுன்னு சிலர் சொன்னீங்க, அப்படியெல்லாம் இல்ல, 6ல இருந்து 12 வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா உண்டு.

எதிர்பாக்காதது போனஃபைடுதான், அதாவது இந்த ஸ்கூல்ல படிச்சான்னு ஸ்கூல்ல குடுக்குற சர்டிபிகேட். தம்பி 8 வரைக்கும் எங்க ஊர்லயும் அப்புறம் உசிலம்பட்டிலயும் படிச்சதால ரெண்டு ஸ்கூல்லயும் வாங்க வேண்டியதாப் போச்சு, கவுன்சிலிங் நேரத்துல அலையாம ரிசல்ட்டுக்கு முன்னாடியே வாங்கி வச்சிருங்க.