பிட்ச் கரெக்‌ஷன்: சுருதித் திருத்தமா, சுரத்திருத்தமா?

கதிரேசன் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

ஒலித்தொகுப்பு மென்பொருள் ஒன்றின் திரைச்சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'பிட்ச் கரெக்‌ஷன்' என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. பாடியவரின் குரலில் இடம் விலகிய சுரத்தைச் சரியான இடத்துக்கு நகர்த்தும் வசதி அது. பாட்டுப் போட்டி நிகழ்ச்சிகளையும் புதுப் பாடல்களையும் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் 'ஆட்டோட்யூன்' என்று போட்டுவிடுகிறார்கள். அது அன்டாரஸ் நிறுவனம் 1997இல் வெளியிட்ட ஒரு பொருளின் பெயர். செய்தவர் ஆண்டி ஹில்டெபிராண்ட். நில அதிர்வலைகளை அலசி எண்ணெய் வளம் தேடும் துறையில் இருந்து வந்தவர். ஓர் அலையைச் சற்றே தள்ளி வைத்த அதன் நகலோடு ஒப்பிட்டு, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அதே வடிவம் திரும்புகிறது என்று காணும் கணக்கைத்தான் பாடகரின் குரலுக்கும் பயன்படுத்தினார். மெலோடைன் போன்ற வேறு கருவிகளும் இருக்கும்போது ஒரு கருவியின் பெயரைத் தொழிலுக்கே வைப்பது சரியில்லை.

என் கைவசம் மூன்று சொற்கள்: சுருதித் திருத்தம், இசைத் திருத்தம், தானியங்கிச் சுருதி. முதல் சொல் பொருந்தும் என்று படுகிறது. 'ரீட்யூன் ஸ்பீடு', 'ஸ்கேல்', 'கீ' ஆகியவற்றுக்கும் சொல் வேண்டும்.

வசந்தா எழுதியது:

கதிரேசன் ஐயா,

'சுருதி' என்றால் பாட்டு வகுப்பில் முதலில் நினைவுக்கு வருவது ஆதார சுருதி. "அவருக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை" என்கிறோம். அங்கே சட்ஜம், அதாவது 'ச' என்ற முதல் சுரம், எங்கே நிற்கிறது என்பதுதான் பேச்சு. ஒரு பாட்டை நாலரைக் கட்டையிலிருந்து ஐந்துக்கு ஏற்றினால் அது சுருதி மாற்றம். ஆகவே 'சுருதித் திருத்தம்' என்ற பொத்தானைப் பார்க்கும் மாணவர், பாட்டு முழுவதையும் மேலே கீழே நகர்த்தும் பொத்தான் என்றே நினைப்பார். மென்பொருளில் அதற்குத் தனிக் கருவி உண்டு. இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வரும்போது குழப்பம் நிச்சயம்.

"சுருதி விலகுது", "சுருதி சேரலை" என்றும் பேசுகிறோம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சிலும் சுருதி அசையாமல் இருக்கிறது, விலகுவது பாடுகிறவரின் சுரம். திருத்தப்படுவது எது என்று பார்த்தால் சுரம்தான்.

'இசைத் திருத்தம்' வேண்டாம். தாளம் பிசகியதைச் சரிசெய்வதும் இசைத் திருத்தம்தானே.

டேவிட் எழுதியது:

வசந்தா அம்மா சொன்னதற்குப் பதிவுக்கூடத்திலிருந்து ஓர் ஆதாரம் தருகிறேன். சொல்லைத் தீர்மானிக்க இது உதவும்.

பிளகின் (ஒலித்தொகுப்பு மென்பொருளுக்குள் செருகும் துணைக் கருவி) எல்லாம் ஏ என்ற சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற கணக்கில்தான் பிறக்கின்றன. சுருதிப்பெட்டியை யாரோ காதால் சேர்த்து, அது 15 சென்ட் ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (ஓர் அரைச்சுர இடைவெளிக்கு 100 சென்ட், ஒரு ஸ்தாயிக்கு 1200.) பாடகர் பெட்டியோடு பொருந்தி, மிகச் சரியாகப் பாடியிருப்பார். பிளகினைப் போட்ட மறுநொடி அது அவருடைய எல்லாச் சுரத்தையும் 15 சென்ட் இறக்கிவிடும். பெட்டி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். சரியாக இருந்ததைக் கெடுத்தாயிற்று. முதலில் 'டிட்யூன்' என்ற அமைப்பில் பெட்டியின் சுருதிக்கு அளவுகோலை நகர்த்தவேண்டும், பிறகுதான் குரலைத் தொடவேண்டும். அதாவது சுருதியை *அமைக்கிறோம்*, சுரத்தைத் *திருத்துகிறோம்*. இரண்டும் வேறு வேலை, இரண்டு தனிப் பொத்தான்.

பெட்டி சரியாக இருந்தாலும் காந்தாரத்தில் ஒரு தொல்லை வரும். தம்புராவோடு இழைந்து பாடும் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து ஏறத்தாழ 386 சென்ட். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமப் பங்காகப் பிரித்த பிளகினின் கட்டத்தில் அதே சுரம் 400. பாடகர் தம்புராவில் கரைந்து நிற்கும் இடத்திலிருந்து 14 சென்ட் மேலே இழுக்கப்படுவார். கீபோர்டு மட்டும் வாசிக்கும் பாட்டில் இது தெரியாது. தம்புரா ஓடும் பாட்டில் அலை மோதுவது காதில் விழும். பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட்தான், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அடுத்து, 'கீ'யும் 'ஸ்கேலு'ம். சட்ஜம் எங்கே என்பது கீ, எந்தெந்தச் சுரங்களுக்கு இடம் உண்டு என்பது ஸ்கேல். மாயாமாளவகௌளை ராகத்தில் ஒரு கட்டைச் சுருதிப் பாட்டு (சட்ஜம் சி) வருகிறது, உதவியாளர் சி மேஜர் என்று விட்டுவிடுகிறார். சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் அந்தக் கட்டத்திலேயே இல்லை. ரிஷபம் ஒருமுறை சட்ஜத்துக்குச் சரியும், இன்னொருமுறை சதுச்ருதி ரிஷபத்துக்குத் தாவும், பாடகர் அந்தக் கணம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாரோ அதைப் பொறுத்து. "குரல் நடுங்குது" என்று பாடகரைக் குறைசொல்வார்கள். கட்டத்தில் டி ஃப்ளாட், ஏ ஃப்ளாட் இரண்டையும் சேர்த்து, டி, ஏ இரண்டையும் நீக்கினால் தீர்ந்தது. ராகத்தில் இல்லாத அன்னிய சுரம் வரும் பாட்டில் ஒரே கட்டம் போதாது. அந்த வரிக்கு மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

என் ஓட்டு: சுரத்திருத்தம். 'கீ'க்குச் சுருதி, 'ஸ்கேலு'க்குச் சுரக்கட்டம்.

யோகநாதன் எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

கிரந்த எழுத்து இல்லாமலே சொல் அமைந்தது நல்லது. ஆனால் நம்மிடம் இதைவிடப் பழைய சொற்களும் இருக்கின்றன. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் யாழ் மீட்டும் எட்டு வகைச் செயல்களை இளங்கோ வரிசைப்படுத்துகிறார். முதலாவது பண்ணல், மூன்றாவது ஆராய்தல். யாழின் நரம்புகளைப் பண்ணுக்கு ஏற்ப அமைப்பது பண்ணல், அமைத்தது சரியா என்று சோதித்துப் பார்ப்பது ஆராய்தல். மென்பொருள் செய்வதும் இந்த இரண்டையும்தான்: முதலில் எந்தச் சுரம் என்று ஆராய்கிறது, பிறகு பண்ணுகிறது. 'குரற்பண்ணல்' என்று வைக்கலாமே?

இன்னொன்று. ரோபோப் போல ஒலிக்கும் குரல் எல்லாமே ஆட்டோட்யூன் என்று எழுதுவதையும் இந்த இழையிலேயே தீர்த்துவிடுங்கள். வோகோடரும் டாக்பாக்ஸும் வேறு கருவிகள். டாக்பாக்ஸில் வாத்திய ஒலி ஒரு குழாய் வழியாக வாய்க்குள் போகிறது, வாய் அதை வடிவமைக்கிறது. வோகோடர் பேச்சின் வடிவத்தை எடுத்து ஒரு சின்தசைசர் ஒலியின்மேல் போர்த்துகிறது. இரண்டிலும் சுரத்தைத் தருவது வாத்தியம். சுரத்திருத்தத்தில் ஒலியே பாடகருடையது.

டேவிட் எழுதியது:

யோகநாதன் அண்ணா, அந்தக் குழப்பம் பிறந்த இடமே ஒரு பாட்டுதான். 1998இல் ஷெர் பாடிய 'பிலீவ்' வந்தபோது அந்தக் குரல் எப்படி வந்தது என்பதைத் தயாரிப்பாளர்கள் வெளியே விடவில்லை. வோகோடர் வகைக் கருவி என்றே சொல்லிவைத்தார்கள். உண்மையில் அது ஆட்டோட்யூனின் 'ரீட்யூன் ஸ்பீடை'ப் பூச்சியத்தில் வைத்ததால் வந்தது.

இந்த 'ரீட்யூன் ஸ்பீடு'தான் கருவியின் உயிர். பெயர் வேகம் என்றாலும் அளவு மில்லிவிநாடியில் இருக்கிறது, 0 முதல் 400 வரை. எண் குறைந்தால் வேகம் கூடும். தமிழில் 'வேகம்' என்று மட்டும் போட்டால், புதிதாக வருகிறவர் 400ஐ மிக வேகம் என்று நினைத்து வைப்பார், திருத்தமே நடக்கவில்லை என்று முறையிடுவார். 'இழுப்பு நேரம்' என்று வையுங்கள். எவ்வளவு நேரத்துக்குள் சுரத்தை இடத்துக்கு இழுக்கிறது என்பது எண்ணோடு பொருந்திவிடும்.

சாதாரணத் திரைப்பாட்டுக்கு 10 முதல் 50 வரை போதும். 0இல் வைத்தால் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகவேண்டிய இடம் படிக்கட்டாக வெட்டுப்படும். அதைத்தான் ஷெர் பாட்டில் கேட்கிறோம், பின்னால் டி-பெய்ன் பாடல்களில் அதுவே முத்திரை ஆனது. கான்யே வெஸ்ட் 2008இல் ஒரு முழு ஆல்பத்தையே அந்தக் குரலில் பாடினார். அங்கே யாரும் எதையும் *திருத்தவில்லை*. வேண்டுமென்றே செய்த அலங்காரம் அது. அதற்கும் சுரத்திருத்தம் என்றே பெயர் வைத்தால், பாடத் தெரியாதவர் என்ற பழி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குத் தனிச் சொல் கட்டாயம் வேண்டும். 'படிக்குரல்' என்று முன்வைக்கிறேன்.

வசந்தா எழுதியது:

படிக்குரல் நன்றாக இருக்கிறது. கேட்டதும் ஒலி மனத்தில் வருகிறது.

பண்ணல் அழகான சொல், ஆனால் இன்று 'பண்ணு' என்றால் எதையும் செய்வது. "பிட்ச் பண்ணியாச்சா, மிக்ஸ் பண்ணியாச்சா" என்று பேசும் கூடத்தில் 'குரற்பண்ணல்' என்றால் குரலை என்ன பண்ணினார்கள் என்றுதான் கேட்பார்கள். ஆராய்தலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 'பிட்ச் டிடெக்‌ஷ'னுக்குச் 'சுர ஆராய்வு'.

இனி, கமகம், அதாவது சுரத்தை அசைத்தும் இழைத்தும் பாடுவது. இதற்கு விடை இல்லாத எந்தச் சொல்லும் நம் பாட்டுக்கு உதவாது. தோடி ராகத்தில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டிருப்பதுதான் அந்தக் காந்தாரம். விநாடிக்கு நாலைந்து அசைவு என்றால் ஓர் அசைவுக்கு 200 முதல் 250 மில்லிவிநாடி. இழுப்பு நேரம் 20 என்று இருந்தால் அசைவின் ஒவ்வொரு முனையையும் கருவி தனித்தனிச் சுரமாகப் பிடித்து ஆணியடிக்கும். ரி-க-ம-க-ரி என்று கீபோர்டில் வாசித்ததுபோல் ஆகிவிடும். கருவிக்கு அது திருத்தம், நமக்கு அது ராகத்தை அழித்தது.

டேவிட் தம்பி, இந்த இடங்களை எப்படிக் கையாள்கிறீர்கள்? அதற்கும் சொல் தேவைப்படும்.

டேவிட் எழுதியது:

மூன்று வழி, அம்மா. ஒன்று, இழுப்பு நேரத்தை 150க்கு மேல் ஏற்றிவிடுவது. அசைவு தப்பிக்கும், ஆனால் நீண்டு நிற்கும் சுரமும் தாமதமாகத்தான் இடத்துக்கு வரும். இரண்டு, 'ஃப்ளெக்ஸ்ட்யூன்' வகை அமைப்பு. குரல் ஒரு சுரத்தை நெருங்கி வந்தால் மட்டுமே கை வைக்கும், நடுவழியில் இருப்பதை விட்டுவிடும். இதை 'நெருங்கினால் திருத்து' என்றே பொத்தானில் போடலாம், விளக்கமே வேண்டாம்.

மூன்றாவதுதான் நம்பகமானது: தானாகச் செய்ய விடாமல் மெலோடைனில் ஒவ்வொரு சுரமாகப் பார்ப்பது. அங்கே ஒவ்வொரு சுரமும் ஒரு திட்டாகத் தெரியும், அதனுள்ளே குரல் போன பாதை ஒரு கோடாக. திட்டின் மையம், மெல்லச் சரியும் நகர்வு, அசைவு மூன்றையும் தனித்தனியாகத் தொடலாம். கம்பிதம் (சுரத்தை அசைக்கும் கமகம்) உள்ள இடத்தில் மையத்தை மட்டும் ஐந்து பத்து சென்ட் நகர்த்திவிட்டு அசைவைத் தொடாமல் விட்டால் கமகம் அப்படியே நிற்கும். இந்த மூன்றுக்கும் மையம், சரிவு, அசைவு என்றே போடுங்கள்.

ஜாரு என்ற வழுக்கும் கமகத்தில் கவனம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழையும்போது கருவி இரண்டையும் ஒரே திட்டாகச் சேர்த்துவிடும். மையம் இரண்டுக்கும் நடுவே, எந்தச் சுரமும் இல்லாத இடத்தில் விழும். அப்படியே திருத்தினால் இரண்டுமே தப்பாகும். முதலில் திட்டை வெட்டி, பிறகு தனித்தனியாக நகர்த்த வேண்டும்.

உதவிக் குறிப்பில் சேர்க்க இன்னும் சில. சுரத்திருத்தம் வரிசையில் முதலில் வரவேண்டும். ரீவெர்ப் (எதிரொலி சேர்க்கும் கருவி) போட்ட பிறகு கொடுத்தால், முந்தைய சுரத்தின் எதிரொலியும் இப்போதைய சுரமும் கலந்து கருவிக்கு எது குரல் என்றே தெரியாது. ஹெட்போனிலிருந்து கசிந்த இசை மைக்கில் ஏறியிருந்தாலும் இதே கதி. கனத்த ஆண் குரலுக்கு உயர்குரல் வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒரு ஸ்தாயி தவறிப் பிடிக்கும். 80 ஹெர்ட்ஸ் குரலில் ஓர் அலை முடியவே 12.5 மில்லிவிநாடி ஆகிறது, கருவி அந்த அளவு காத்திருக்க வேண்டும். மேடையிலும் நேரலையிலும் பாடகரின் காதுக்குத் திருத்தாத குரலும் திருத்திய குரலும் சேர்ந்து போனால், அந்தச் சிறு தாமதத்தில் இரண்டும் மோதிக் குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். பாடகர் தடுமாறிப்போவார். காதுக்கு ஒன்றை மட்டும் அனுப்புங்கள். ஒரே வரியை இருமுறை பாடிப் பதிந்த இரண்டு டேக்கை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் இடத்தில் ஒன்றையாவது இறுக்காமல் விடவேண்டும், இல்லாவிட்டால் இரட்டைக் குரல் என்ற பலனே போய்விடும்.

கதிரேசன் எழுதியது:

நன்றி. 'சுருதித் திருத்த'த்தைக் கைவிடுகிறேன். சுருதிப்பெட்டி எடுத்துக்காட்டுக்குப் பிறகு அதைத் தாங்கிப் பேச வழியில்லை.

கோப்பில் ஏற்றியவை: பொதுத் தொழிலுக்குச் சுரத்திருத்தம். வேண்டுமென்றே செய்யும் ஒலிக்குப் படிக்குரல். ரீட்யூன் ஸ்பீடுக்கு இழுப்பு நேரம். கீ, சுருதி. ஸ்கேல், சுரக்கட்டம். டிட்யூனுக்குச் சுருதி நகர்வு என்று போட்டிருக்கிறேன், டேவிட் பார்த்துச் சொல்லவேண்டும். சுர ஆராய்வு, மையம், சரிவு, அசைவு அப்படியே. டேவிட் சொன்ன திட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'ப்ளாப்'புக்குச் சுரத்திட்டு. ஆட்டோட்யூன், மெலோடைன் இரண்டும் பெயர்ச்சொல்லாக மட்டும். சுரம் என்றால் காய்ச்சல் என்ற பொருளும் உண்டே என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். ஒலித்தொகுப்புத் திரையில் அந்தப் பொருள் யாருக்கும் தோன்றாது, மாற்றவில்லை.

மீதி ஒன்று, 'ஃபார்மண்ட்'. சுரத்தை நாலைந்து அரைச்சுரம் ஏற்றும்போது இதைப் பூட்டாமல் விட்டால் பெரியவர் குரல் குழந்தைக் குரலாக மாறுகிறதே, அந்த அமைப்பு. 'மிடற்றுச் சாயல்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சாயலைத் தருவதில் மிடற்றோடு வாய்க்கும் நாக்குக்கும் பங்கு இருப்பதால் மனம் ஒப்பவில்லை. 'குரற்சாயல்' போதுமா, பாட்டு வகுப்பில் அதற்கு வேறு பொருள் இருக்கிறதா என்று வசந்தா அம்மா சொன்னால் வெள்ளிக்கிழமை பதிப்பில் சேர்த்துவிடுவேன்.