புதுப்பிப்பு: அம்மம்மாவோடு தங்க வித்தியாசமான இடம் கிடைத்தது

உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து 2 பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மம்மாவோடு போய்த் தங்க வழக்கமான ஹொட்டல் அல்லாத ஓர் இடம் கேட்டிருந்தேன்.

உடவளவைப் பக்கம் பார்த்த மரவீட்டைக் கைவிட்டோம். போன் செய்து கேட்டபோது, செங்குத்தான ஏணி என்றார்கள். சரிவந்தது, நுவரெலியாவுக்குப் பக்கத்திலுள்ள கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையை ஹொட்டலாக்கிய ஹெரிட்டன்ஸ் டீ ஃபாக்டரி என்ற யோசனைதான். அவிசாவளை, ஹட்டன், தலவாக்கலை வழியாக வேனில் போனோம். லிஃப்ட் இருந்ததால் அம்மம்மாவுக்குப் படியேறும் கஷ்டம் இல்லை.

தொழிற்சாலையாக இருந்தபோது, அரைக்கும் முன் தேயிலைக் கொழுந்தை வாடவைத்த மேல்மாடிகள்தான் இப்போது அறைகள். வாடவைக்கக் காற்று நிறைய வேண்டும், அதனால்தான் சுவர் முழுக்க ஜன்னல். காலையில் திரையை விலக்கினால் நாலு பக்கமும் தேயிலை மலை. சின்ன வயதில் தோட்டத்தில் இருந்த அம்மம்மா, அரைக்கும் அறையின் வாசனை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தா. அதைக் கேட்கவே போயிருக்கலாம். பழைய ரயில் பெட்டிக்குள் ஓர் உணவகமும் உண்டு. பிள்ளைகள் அதைவிட்டு வர மறுத்தார்கள்.

எதிர்பாராதது குளிர். உயரம் 2,000 மீற்றருக்கும் மேல். கொழும்புச் சுவெட்டர் போதவில்லை. முதியவர்களோடு போனால் கம்பளிக் காலுறையும் கூடுதல் போர்வையும் கட்டாயம். அறைக்கு ஹீட்டர் வேண்டுமென்று பதியும்போதே சொல்லிவிடுங்கள்.