‘டெட் டைம்’ – ஒளியியல் அணுக்கடிகார அளவீட்டில் ‘விடுநேரம்’ சரிவருமா?

வணக்கம்.

ஒளியியல் அணுக்கடிகாரத்தின் அளவீடு நடுவில் நின்றுபோகும் இடைவெளியை ஆங்கிலத்தில் ‘டெட் டைம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழாக முந்தைய மடலில் வந்த ‘இறந்த நேரம்’ வேண்டாம் என்றே நினைக்கிறேன். இறந்த காலம் என்றால் நமக்குக் கடந்துபோன காலம். இங்கே அந்தப் பொருளுக்கே இடமில்லை. ‘செயலற்ற நேரம்’ பரவாயில்லை. ஆனால் எது செயலற்றுக் கிடக்கிறது என்று பார்த்தால் அதுவும் இடிக்கிறது.

ஒளியின் அதிர்வைக்கொண்டு ஓடும் ஸ்ட்ரான்சியம் கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் அதிர்வெண் சுமார் 429 டெராஹெர்ட்ஸ். நொடியின் வரையறையோ இன்னும் சீசியத்தின் 9,19,26,31,770 அதிர்வுகள்தான். பக்கத்தில் சீசியக் கடிகாரம் இல்லாத ஆய்வகம், உலகின் பல அணுக்கடிகாரங்களைச் சேர்த்துக் கணிக்கும் பன்னாட்டு அணு நேரத்தின் வழியாக நொடியைத் தொடவேண்டும். அதிர்வெண் சீப்பு என்ற லேசர் கருவி ஒளியின் அதிர்வை நுண்ணலைக்கு இறக்கித் தரும். அதைக்கொண்டு ஆய்வகத்து ஹைட்ரஜன் மேசரை, அதாவது விடாமல் ஓடும் நுண்ணலைக் கடிகாரத்தை, அளப்பார்கள். மேசரைச் செயற்கைக்கோள் வழியாகப் பன்னாட்டு அணு நேரத்தோடு ஒப்பிடுவார்கள்.

சிக்கல் இங்கேதான். பன்னாட்டு எடை அளவைகள் பணியகத்தின் மாதச் சுற்றறிக்கையில் இந்த ஒப்பீட்டுக்கு 5 நாளுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். ஒளியியல் கடிகாரத்தை அந்த 5 நாளும் விடாமல் ஓட்டுவது லேசான காரியமில்லை. லேசரை அணுவின் அதிர்வோடு பிணைத்திருக்கும் பூட்டு நழுவினால் அளவீடு நின்றுபோகும். அப்போதும் மேசர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதன் போக்கைப் பார்க்கத்தான் எதுவும் இருக்காது. ஓடிய நேரத்தின் சராசரியை 5 நாளுக்கும் நீட்டும்போது மேசரின் நகர்வுக்குத் திருத்தம் போடவேண்டும், அதன் இரைச்சலுக்கு (ஒழுங்கற்ற தள்ளாட்டத்துக்கு) உறுதியின்மையும், அதாவது அளவு எவ்வளவு பிசகியிருக்கலாம் என்ற மதிப்பும், சேர்க்கவேண்டும். கடிகாரத்தின் சொந்த உறுதியின்மை 10-இன் அடுக்கு −18 அளவுக்கு இறங்கியிருந்தாலும், இந்த இடைவெளியால் வருவது அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கக்கூடும்.

ஆக, நேரமும் நிற்கவில்லை, மேசரும் நிற்கவில்லை. அளவீடு மட்டும் விட்டுப்போகிறது. அதனால்தான் ‘விடுநேரம்’ என்கிறேன். ‘அளவிலா நேரம்’ என்றும் யோசித்தேன், அது முடிவில்லாத நேரம் என்று ஆகிவிடும். ‘விடுநேரம்’ விடுமுறையை நினைவூட்டும் என்று சிலர் தயங்கலாம். ‘விடுநேரத் திருத்தம்’, ‘விடுநேர உறுதியின்மை’ என்று தொடராக வரும்போது அந்தக் குழப்பம் இராது.

அப்புறம், கதிர்வீச்சு எண்ணிகளிலும் ‘டெட் டைம்’ உண்டு. ஒரு துகளைப் பதிந்ததும் அடுத்த துகளை அந்தக் கருவி உணராமல் இருக்கும் சிறுபொழுது அது. அது வேறு சங்கதி. ‘உணராநேரம்’ என்று தனியாக வைக்கலாம். இரண்டையும் ஒரே சொற்பதிவில் அடைக்கவேண்டாம்.

வேறு சொல் தோன்றினால், ‘திருத்தம்’, ‘உறுதியின்மை’ இரண்டோடும் ஒட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.