தாத்தாவோட ரெட்டைக்குழல்ல ட்ராப் பழகலாமா, ஓவர் அண்டர் வாங்கணுமா?

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம்ணா. தாத்தா மாந்தோப்புக் காவலுக்குன்னு லைசென்ஸ் எடுத்து 12 போர் ரெட்டைக்குழல் வெச்சிருந்தாரு, குழல் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருக்கற பழைய மாடல். அவர் தவறினதும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு இப்ப என் பேருக்கு லைசென்ஸ் கேட்டு கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்திருக்கேன். பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் ட்ராப், அதாவது பறக்கற தட்டைச் சுடற போட்டில சுட்டதுல இருந்து க்ளே தட்டு சுடணும்னு ஒரே ஆசை. இதுவே போதுமா? அஞ்செட்டி மாமா, கௌதாரி நாலு அடிச்சாலே கை பழகிடும்ங்கறாரு.

ஓசூர் 12போர்:
தம்பி, கௌதாரி பேச்சை இங்கயே விட்டுடுங்க. காடை, கௌதாரி, மயில் எல்லாமே 1972 வனவிலங்குச் சட்டத்துல வருது, லைசென்ஸ் துப்பாக்கியா இருந்தாலும் கேஸ்தான், துப்பாக்கியும் போயிடும். மாமாகிட்ட பக்குவமா சொல்லிடுங்க.

ட்ராப்புக்கு எல்லாரும் ஓவர் அண்டர் வெச்சிருக்கறதுக்குக் காரணம் இருக்கு. குழல் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கறதால கண்ணுக்கு முன்னாடி ஒரே ஒரு கோடுதான் தெரியும், பக்கக்குழல்ல அகலமா தெரியும். முதல் வெடி கீழ்க்குழல்ல போறதால உதை நேரா தோளுக்கு வரும், முனை அவ்வளவா தூக்காது, அதனால ரெண்டாவது வெடிக்கு சட்டுனு தட்டைப் பிடிச்சிடலாம். ஒலிம்பிக் ட்ராப்ல ஒரு தட்டுக்கு ரெண்டு வெடி உண்டு, தட்டு 15 மீட்டர் முன்னாடி பள்ளத்துல இருந்து கிளம்பி ஓடிட்டே இருக்கும், முதல்ல தப்பினா ரெண்டாவதுக்குள்ள ரொம்ப தூரம் போயிருக்கும், அதான் மேல்க்குழல்ல சோக், அதாவது குண்டு சிதறாம இருக்க குழல் முனையில வர்ற குறுக்கம், இன்னும் இறுக்கமா வெச்சுக்குவாங்க.

பென்னாகரம் பெரியவர்:
தம்பி, துப்பாக்கி கைக்கு வந்ததும் சுட்டுப் பார்க்கலாம்னு மட்டும் போயிடாதீங்க. பழைய துப்பாக்கில சிலதுக்கு தோட்டா அறை 65 மி.மீ.தான், இப்ப கடையில கிடைக்கறது 70 மி.மீ. போட்டா உள்ள போயிடும், ஆனா வெடிக்கறப்ப தோட்டாவோட வாய் விரிய இடமில்லாம அழுத்தம் ஏறிடும். எங்க அப்பாவோடதை நான் தெரியாம அப்படித்தான் சுட்டுட்டு இருந்தேன், நாளடைவுல பூட்டு லூசாகி, மூடினா குழலுக்கும் அதோட பின்வாயை அடைக்கற இரும்புக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது. அதோட நிறுத்திட்டேன். லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர்கிட்ட அளந்து பார்த்துட்டுத் தொடுங்க.

காவேரிப்பட்டணத்தான்:
ஐயா ரொம்ப நன்றிங்க, இது சத்தியமா தெரியாது. அப்ப புதுசா வாங்கிடட்டுமாண்ணா? பெரட்டா, பெராஸின்னு ஏதேதோ சொல்றாங்க.

ஓசூர் 12போர்:
அவசரமே படாதீங்க. ரைபிள் கிளப்ல மெம்பர் ஆகி அவங்க துப்பாக்கில கோச் முன்னாடி பத்து ரவுண்டு, அதாவது 250 தட்டு சுட்டுப் பாருங்க. பிராண்டை விட, தோள்ல வெக்கற கட்டை உங்க உடம்புக்குப் பொருந்தறதுதான் முக்கியம். கண்ணை மூடிட்டு தோள்ல ஏத்தி கன்னத்தை வெச்சு கண்ணைத் திறங்க, பார்வை குழல் மேல நீளமா ஓடற பட்டை மேலயே நேரா முனைக்குப் போகணும். பட்டை மறைஞ்சுதுன்னா கட்டை தாழ்வு, மேடு மாதிரி நிறைய தெரிஞ்சா உசரம். எனக்கு அரை சென்டிமீட்டர் தாழ்வா இருந்ததுல ஒரு வருஷம் தட்டுக்குக் கீழயே சுட்டுட்டு இருந்தேன், ஏத்தினதும் அன்னிக்கே தட்டு கரும்பொடியா உதிர்ந்தது, அந்த சந்தோஷம் இன்னும் மறக்கல தம்பி. கிளப்புக்குப் போறப்ப காதுக்கு நல்ல மஃப், கண்ணுக்குக் கண்ணாடி மட்டும் சொந்தமா வாங்கிட்டுப் போயிடுங்க.