3-4-5 முக்கோணத்தில் கோணம் 30, 60 தானே? குழாய் ஏன் சேரவில்லை?

பட்டறைக்காரன்:
வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சுவரில் மாட்ட ஒரு பிராக்கெட் கேட்டார்கள். சுவரோடு 3 அடி, வெளியே 4 அடி, தாங்குவதற்குச் சாய்வாக 5 அடி. எல்லாம் 50 மி.மீ. சதுரக் குழாய். செங்கோண முக்கோணம்தானே, ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் மூலைமட்டம் மாதிரி 30, 60 வரும் என்று சாய்வுக் குழாயின் வெளி நுனியை 30 டிகிரிக்கும் சுவர்ப் பக்கத்தை 60க்கும் வெட்டினேன். வைத்துப் பார்த்தால் நுனியில் சுண்டுவிரல் நுழைகிறது. நாலு தடவை டேப் பிடித்தாயிற்று. அளவு சரி, மூலையும் 90தான். எங்கே தப்பு?

கணக்கு வாத்தியார்:
தம்பி, டேப்பில் தப்பில்லை. 3-4-5இன் கோணங்கள் ஏறக்குறைய 36.87, 53.13. நுனியில் கிட்டத்தட்ட 7 டிகிரி குறைத்து வெட்டிவிட்டீர்கள்.

அந்த மூலைமட்டம் மாதிரி இரண்டை எடுத்து முதுகோடு முதுகு ஒட்டினால் சமபக்க முக்கோணம் கிடைக்கும். அதனால் 30க்கு எதிரே உள்ள பக்கம் கர்ணத்தில் சரிபாதி. உங்கள் கர்ணம் 5, எதிர்ப்பக்கம் இரண்டரை இருந்தால்தான் 30. நீங்கள் வைத்திருப்பது 3, கோணம் விரிந்துவிட்டது.

33 வருடம் பாடம் எடுத்தேன். செங்கோணம் என்றாலே 30, 60 என்று எழுதும் பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். மூன்று பக்கமும் முழு எண்ணாக வரும் செங்கோண முக்கோணம் எதிலும் மற்ற இரண்டு கோணங்கள் முழு டிகிரியில் வரவே வராது. 5-12-13இல் சின்னக் கோணம் 22.62, 8-15-17இல் 28.07. எனக்கு இன்றைக்கும் இது ஆச்சரியம்தான்.

மேஸ்திரி:
அண்ணே, அஸ்திவாரக் குழி தோண்ட நாங்கள் 3-4-5 பிடிப்பது அந்த 90க்கு மட்டும்தான். இடம் இருந்தால் 6-8-10 பிடிப்போம், டேப் கொஞ்சம் பிசகினாலும் மூலை அவ்வளவாக ஓடாது. உங்கள் வேலைக்கு டிகிரியே வேண்டாம். 3ஐயும் 4ஐயும் பற்றவைத்துத் தரையில் படுக்கப்போடுங்கள். மேலே சாய்வுக் குழாயை வைத்து, முட்டும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுங்கள்.

பட்டறைக்காரன்:
நன்றி ஐயா, நன்றி மேஸ்திரி. புதுக் குழாய் எடுத்துக் கோடு போட்டு வெட்டினேன். பையனின் பாகைமானியை வைத்தால் 37 காட்டுகிறது. இடைவெளியே இல்லை, பற்றவைத்தாயிற்று. 30க்கு வெட்டிய பழைய துண்டை என்ன செய்வது?

கணக்கு வாத்தியார்:
தூக்கிப் போடாதீர்கள். சுவரோடு இரண்டரை அடி, வெளியே 4 அடி 4 அங்குலம் வைத்து இன்னொரு பிராக்கெட் செய்யுங்கள், அதில் உட்காரும்.