ஸ்டுடியோ லோகோவைப் படத்துக்குப் படம் மாற்றுவது: தேவையா, வீண் வேலையா?

ஒளிச்சட்டம்:
படம் ஆரம்பிக்கும் முன் வரும் ஸ்டுடியோ லோகோவில் கை வைப்பது இப்போது சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. 2023இல் பார்பிக்காக வார்னர் கேடயம் இளஞ்சிவப்பானது. என்னைக் கேட்டால், பத்தில் எட்டு வீண் வேலை. 1977இல் ஸ்டார் வார்ஸுக்கு ஃபாக்ஸ் லோகோவை யாரும் தொடவில்லை. ஆல்ஃபிரட் நியூமன் 1933இல் எழுதி, பின்னால் சினிமாஸ்கோப் அகலத்திரைக்காக நீட்டிய அதே லோகோ இசை முழக்கம்தான் ஒலித்தது. ஜான் வில்லியம்ஸ் தன் தொடக்க இசையை அதே பி ஃப்ளாட் மேஜர் சுருதியில் அமைத்தார். இரண்டும் ஒரே மூச்சாகக் கேட்கிறது. படக்குழு இப்படித் தன் பக்கம் உழைத்தால் போதும், முத்திரையைக் கலைக்க வேண்டியதில்லை.

முதல்ரீல்:
அந்த உதாரணத்தை வைத்து எல்லாவற்றையும் அடித்துவிட முடியாது நண்பரே. 1995இல் வந்த வாட்டர்வேர்ல்டைப் பாருங்கள். யுனிவர்சல் பூமி சுழல்கிறது, எழுத்து போகிறது, பனிமுனைகள் உருகிக் கடல் ஏறி நிலமெல்லாம் மூழ்குகிறது. அதன்மேல் கதைசொல்லியின் குரல். இந்தக் கதை எந்த உலகத்தில் நடக்கிறது என்று சொல்ல தனியாக ஒரு காட்சியே தேவைப்பட்டிருக்கும். அதை லோகோவே முடித்துவிட்டது. இதை எப்படி அலங்காரம் என்பீர்கள்?

ஒளிச்சட்டம்:
அதை ஒப்புக்கொள்கிறேன், அது அந்த மீதி இரண்டில் சேர்த்தி. நான் குறை சொல்வது வெறும் சாயம் பூசும் வேலையை. நிறத்தை மாற்றினால் கதை என்ன நகர்கிறது?

கலர்மேசை:
சாயம் பூசுவதும் லேசான வேலை இல்லை, அர்த்தமில்லாததும் இல்லை. 1999இல் மேட்ரிக்ஸில் வார்னர் லோகோ பச்சையானதற்குக் காரணம் உண்டு. படத்தில் வரும் கணினிப் போலி உலகத்துக் காட்சிகள் முழுக்கப் பச்சை ஓடும், அதற்கு முதல் தடயம் லோகோ.

செய்முறையில் சொதப்பும் இடம் ஒன்று இருக்கிறது. எழுத்து, கேடயம், வானம், ஒளிச்சிதறல் எல்லாம் தனித்தனி அடுக்காக, 16 பிட் இஎக்ஸ்ஆர் கோப்பில் (நிற விவரம் நிறையத் தாங்கும் படக்கோப்பு) கேட்டு வாங்கணும். பலர் ஒட்டி முடித்த ஒரே படத்தை வாங்கி அதன்மேல் நிறம் ஏற்றுகிறார்கள். நிறச்சாயலை மட்டும் திருப்பினால் வெள்ளை எழுத்து வெள்ளையாகவே நிற்கும், ஓரம் மட்டும் பச்சை கசியும். மொத்தத்தையும் பச்சையால் பெருக்கினால் எழுத்தும் வானமும் ஒரே சாயமாகி லோகோ தட்டையாகிவிடும்.

இன்னொன்று பட்டை விழுவது. 8 பிட் மூலத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். வெளிர் வானத்தை இருட்டுக்கு இறக்கும்போது அதில் சொற்பப் படிகளே மிஞ்சும். மானிட்டரில் ஒன்றும் தெரியாது, பெரிய திரையில் வானம் வரி வரியாகப் பிரியும். 16 பிட்டில் வேலை செய்து, டிசிபியின் (திரையரங்குக்கு அனுப்பும் டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு) 12 பிட்டுக்கு இறக்கும் முன் மெல்லிய கிரெயின், அதாவது பொடிப் புள்ளிகள், சேர்த்தால் இது வராது.

சுருதிபேதம்:
எல்லாரும் படத்தையே பேசுகிறீர்கள். லோகோ மாற்றத்தில் எனக்கு ஆகச் சிறந்தது காதுக்கு வந்தது: ஏலியன் 3, 1992, எலியட் கோல்டன்தால் இசை. ஃபாக்ஸ் முழக்கம் வழக்கம்போல ஏறிக்கொண்டே போய், கடைசிக்கு முந்தைய இடத்தில் அப்படியே நின்றுவிடும். இறங்கவேண்டிய முடிவு ஸ்வரம் வரவே வராது. நின்ற ஒலி வீங்கிக் கசந்து படத்துக்குள் நுழையும். திரையில் லோகோ இம்மி மாறவில்லை. ஆனாலும் இனி நிம்மதி இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிடும்.

இதைக் கலந்து முடித்த 5.1 சுற்றொலியில் வெட்டிச் செய்ய முயலாதீர்கள். முந்தைய ஸ்வரங்களின் எதிரொலி வால் வெட்டிய இடத்தில் தொங்கும், நீட்டினால் உலோகச் சத்தம் வரும். வாத்தியக் குழு வாரியாகத் தனி டிராக் வேண்டும், இல்லையென்றால் புதிதாகவே வாசிக்கணும். 2018இல் பொஹீமியன் ராப்சடிக்கு பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் அதே முழக்கத்தைக் கிட்டார், டிரம்ஸில் வாசித்துக் கொடுத்தார்கள். அதுதான் சுத்தமான வழி.

ஒளிச்சட்டம்:
நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் வலு. குறைவாகத் தொட்டதுதான் நிற்கிறது. 1959இன் பென்-ஹரில் எம்ஜிஎம் சிங்கம் கர்ஜிக்கவே இல்லை, அசையாப் படமாக நின்றது. அடுத்து வருவது இயேசு பிறப்பு என்பதால் இயக்குநர் வைலர் அப்படி வைத்தார்.

முதல்ரீல்:
கர்ஜனையை எடுத்ததும் மாற்றம்தானே ஐயா!

பழைய லோகோவையே திரும்பக் கொண்டுவருவதையும் மறக்கக்கூடாது. ஆர்கோவில் (2012) சால் பாஸ் வடிவமைத்த வார்னர் லோகோ வந்தது, ஸோடியாக்கில் (2007) பாரமவுண்ட், வார்னர் இரண்டும் அந்தக் காலத்தவை. இதில் கவனிக்கவேண்டியது அடியில் இருக்கும் தாய் நிறுவனத்தின் பெயர் வரி. 1970களின் பாரமவுண்ட் லோகோவில் கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் பெயர் இருக்கும். அதை வைப்பதா எடுப்பதா என்று சட்டப் பிரிவிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டிசிபிகட்டு:
அழகைப் பேசிவிட்டீர்கள், அனுப்பும் கோப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. படம் ஸ்கோப் (அகலத் திரை) என்றால் 2கே சட்டகம் 2048×858. லோகோ அகலம் குறைந்த ஃப்ளாட் சட்டகத்தில், அதாவது 1998×1080இல் மட்டும் வந்திருந்தால், அகலத்துக்குப் பெரிதாக்கும்போது உயரம் 1107 ஆகும். மேலும் கீழுமாக 249 வரி போகும். பாரமவுண்ட் லோகோவின் மலை உச்சியும் அடியில் இருக்கும் பெயர் வரியும் அதோடு போச்சு. இரண்டு சட்டகத்துக்கும் தனித்தனியாகவே அமைக்கணும்.

அடுத்தது உரிமை. டைட்டானிக்கை வட அமெரிக்காவில் பாரமவுண்ட் வெளியிட்டது, மற்ற நாடுகளில் ஃபாக்ஸ். இப்படி வெளியீட்டாளர் பிரியும் படத்தில் படத்தின் ஒலியோ காட்சியோ லோகோவின் மேல் ஏறி நின்றால், லோகோவை மாற்றும்போது அதுவும் சேர்ந்து பிய்ந்து வரும். அதனால் லோகோவுக்குத் தனி ரீல் (டிசிபிக்குள் ஒரு தனித் துண்டு), பிறகு 24 ஃபிரேம் கறுப்பு, அதற்குப் பிறகு படம் என்று ஒரு பதிப்பு கட்டாயம் இருக்கணும். ரீல் சந்திப்பில் ஒலி ஓடிக்கொண்டிருந்தால் சில திரையரங்கு சர்வரில் ‘டக்’ என்று கேட்கும், கறுப்பில் சத்தம் முழுக்க இறங்கியிருக்கட்டும்.

ஒளிச்சட்டம்:
அப்படிப் பிரித்தால் முதல்ரீல் மெச்சிய அந்தப் பூமி என்ன ஆகும்? லோகோவோடு போய்விடுமே.

டிசிபிகட்டு:
முதலிலேயே திட்டமிட்டால் போகாது. எழுத்து மறைந்த பிறகு தெரியும் பூமியை நிறுவனத்தின் பூமியாக வைக்காமல், படத்துக்கென்று தனி சிஜியாக (கணினி வரைகலை) செய்யணும். சுழற்சி வேகமும் ஒளி வரும் திசையும் லோகோவோடு ஒத்திருந்தால் போதும். ஒரே ஃபிரேமில் கைமாறுவது கண்ணுக்குத் தெரியாது. கதைசொல்லியின் குரலும் அந்த ஃபிரேமுக்குப் பிறகே தொடங்கணும். வேறு நிறுவன லோகோ வந்தால், கறுப்பிலிருந்து நேராக அந்தப் பூமி விரியும்.