முதல் கீபோர்டு: 61 கீ போதுமா, 88 கீ டிஜிட்டல் பியானோவே வேண்டுமா?

தங்கச்சிமடம் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் எங்கள் கோவில் பாடகர் குழுவின் கீபோர்டில் விரல் வைத்துப் பழகி வந்தாள். ஆர்வம் நிலைத்திருப்பதைப் பார்த்து, இராமநாதபுரத்தில் மேற்கத்திய இசை கற்பிக்கும் ஓர் ஆசிரியையிடம் சேர்த்திருக்கிறோம். வீட்டில் பழகுவதற்கு ஒரு கருவி கட்டாயம் வேண்டும் என்கிறார் அவர். மதுரைக் கடையில் விசாரித்தபோது 5,000 ரூபாய்க்கும் காட்டினார்கள், 50,000 ரூபாய்க்கும் காட்டினார்கள். எதற்காக இவ்வளவு வேறுபாடு என்பது எனக்கு விளங்கவில்லை.

என்னால் இப்போது 20,000 ரூபாய் வரை செலவிட முடியும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். வீடு கரைக்கு அருகில் இருப்பதால் சன்னல் கம்பிகூடத் துருப்பிடிக்கிறது. மின்சாரமும் ஏறி இறங்குகிறது. 61 கீ கொண்ட கீபோர்டு போதுமா, 88 கீ டிஜிட்டல் பியானோவுக்காகக் காத்திருக்க வேண்டுமா, பயன்படுத்திய கருவியை வாங்கலாமா, உப்புக் காற்றிலிருந்து அதை எப்படிக் காப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பியானோ டீச்சர், மதுரை

வணக்கம் ஐயா. கீயின் எண்ணிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மகளின் ஆசிரியை அவளை எந்தப் பாடத்திட்டத்தில் கொண்டுபோகப் போகிறார் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் எழுதும் டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் பியானோ தனிப் பாடம், எலக்ட்ரானிக் கீபோர்டு தனிப் பாடம். முன்னதில் இரு கைகளும் முழு இசையையும் தாமே வாசிக்க வேண்டும். பின்னதில் இடது கை பெரும்பாலும் கார்டு (சேர்ந்தொலிக்கும் சில சுரங்களின் தொகுப்பு) பிடிக்க, தாளமும் பக்க இசையும் கருவியிலிருந்தே வரும். தேர்வே எழுதாவிட்டாலும் பழகும் முறை இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

பியானோவில் கீயை அழுத்தும்போது உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கிறது. அந்தச் சுத்தியலின் எடையை விரல் உணர்ந்து பழகினால்தான் ஒரு சுரத்தை மென்மையாகவும் அடுத்ததை அழுத்தமாகவும் வாசிக்கும் கட்டுப்பாடு வரும். டிஜிட்டல் பியானோவில் கம்பி கிடையாது, ஆனாலும் எடை வைத்த கீகள் அந்த உணர்வைத் தருகின்றன. ஹேமர் ஆக்‌ஷன் என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பது இதைத்தான். விலை ஏறுவதற்கு முதன்மையான காரணமும் இதுவே. யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10 ஆகியவை தொடக்க நிலையில் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் ரோலண்டின் கீ எனக்குப் பிடித்தது. அது சொந்த விருப்பம்தான்.

எண்ணிக்கையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். முழுப் பியானோவில் 52 வெள்ளை, 36 கறுப்பு என 88 கீகள் இருக்கின்றன. 61 என்பது ஐந்து ஆக்டேவ் (ச முதல் மேல் ச வரையிலான இடைவெளி ஓர் ஆக்டேவ்). முதல் இரண்டு ஆண்டுகளின் பாடங்கள் அதற்குள் அநேகமாக அடங்கிவிடும். குறைக்க வேண்டிவந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், டச் ரெஸ்பான்ஸ் (விரல் இறங்கும் வேகத்துக்கேற்ப ஒலி கூடிக் குறையும் வசதி) இல்லாததை மட்டும் வாங்காதீர்கள். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே அளவில் ஒலிக்கும் கருவியில் பழகிய பிள்ளைக்கு விரலின் அழுத்தத்தைப் பின்னர் திருத்துவது ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் பெரும்பாடு. கடையில் 5,000 ரூபாய்க்குக் காட்டியது அநேகமாக அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும். கீகள் சிறுத்திருக்கும் 32 கீ, 37 கீ கருவிகளை விளையாட்டுப் பொருள் என்றே எண்ணி விட்டுவிடலாம்.

பாம்பன் பாடகர் குழு

டீச்சர் சொன்ன டச் ரெஸ்பான்ஸ் பற்றிய கருத்தில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எடை வைத்த 88 கீ பியானோதான் சரியான தொடக்கம் என்ற எண்ணம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கோவிலில் வாசிக்கும் ஆசையால் இந்தப் பிள்ளைக்கு இசை வந்திருக்கிறது. நாளை பாடகர் குழுவில் அவள் உட்காரும்போது கீபோர்டின் வசதிகள்தான் கைகொடுக்கும். யமஹா பி-145 ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ளது. கேசியோ சிடி-எஸ்300 மூன்றரைக் கிலோவுக்கும் குறைவு. பத்து வயதுப் பிள்ளையே தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம். திருப்பலியின் நடுவே மின்சாரம் போனாலும் ஆறு பென்சில் பேட்டரியில் அது தொடர்ந்து ஒலிக்கும் என்பது நம் ஊரில் சிறிய விஷயமில்லை.

மாடல் எண்ணைக் கவனமாகப் படியுங்கள். சிடி-எஸ்300இல் டச் ரெஸ்பான்ஸ் உண்டு. பார்ப்பதற்கு அதே போலிருக்கும் சிடி-எஸ்200இல் கிடையாது. யமஹாவில் பிஎஸ்ஆர்-இ373இல் உண்டு, இ273இலும் எஃப்52இலும் கிடையாது. விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. உங்கள் தொகையில் இ373 அல்லது எஸ்300 தாராளமாக அடங்கும், மீதியில் சஸ்டெயின் பெடலும் (ஒலியை நீட்டிக்கும் கால்மிதி) ஸ்டாண்டும் வாங்கலாம். தபேலா, தவில் போன்ற ஒலிகளும் நம் தாளங்களும் வேண்டுமென்றால் இந்தியச் சந்தைக்கென்றே வரும் யமஹா பிஎஸ்ஆர்-ஐ500 போன்றவை இருக்கின்றன. அவை இதைவிட விலை கூடியவை, தொடக்கத்துக்கு அவசியமில்லை.

ஒரே ஓர் எச்சரிக்கை. பாடகர் தன் சுருதி ஐந்து கட்டை என்று சொன்னால் அது ஜி சுரம். சி ஸ்கேலில் மட்டும் வாசிக்கத் தெரிந்த பிள்ளை சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தித் தப்பித்துக்கொள்ளும். எங்கள் குழுவில் வருடக்கணக்கில் வாசித்துவிட்டு, அந்தப் பொத்தான் இல்லாத ஆர்மோனியத்தின் முன் கை கட்டி நின்றவர்கள் உண்டு. முதல் ஆண்டில் அந்தப் பொத்தானையும் தானாக ஒலிக்கும் ரிதமையும் தொடவிடாதீர்கள்.

பழுது பார்ப்பவன், இராமநாதபுரம்

கருவி எது என்பதை வாசிப்பவர்கள் சொல்லட்டும். உப்புக் காற்றைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். கம்பி போட்ட பழைய பியானோவைக் கடற்கரையில் வைத்தால் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும், ஈரத்தில் மரப்பலகை உப்பிச் சுருதி விலகும். ஆகவே நம் கரைக்கு டிஜிட்டல்தான் ஏற்றது. ஆனால் அதற்கும் பலவீனமான இடம் ஒன்று உண்டு.

ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு ரப்பர் குமிழ் இருக்கிறது. அதன் உட்புறமுள்ள கரிப்பூச்சு சர்க்யூட் போர்டில் உள்ள தொடுபுள்ளியைத் தொட்டால் ஒலி பிறக்கும். டச் ரெஸ்பான்ஸ் உள்ள கருவிகளில் கீ ஒன்றுக்கு இரண்டு தொடுபுள்ளிகளாவது இருக்கும். முதல் புள்ளியைத் தொட்டதற்கும் இரண்டாவதைத் தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதைக் கருவி கணக்கிடுகிறது. உப்பும் தூசியும் ஈரமும் சேர்ந்து அந்த இடத்தில் படிந்தால் அந்தக் கீ ஒலிக்காமல் போகும், அல்லது எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் உரக்க ஒலிக்கும். கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பிரித்துத் துடைத்தாலே சரியாகிவிடும். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் கீயின் இடுக்கில் அடிக்காதீர்கள். அது ரப்பரைக் கெடுத்து, தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல் பார்த்த சன்னலருகே கருவியை வைக்க வேண்டாம். பழகி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து மூடுங்கள். பைக்குள் வைப்பதானால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். மாதக்கணக்கில் மூடி வைத்திருக்கும் கருவியைவிட நாள்தோறும் வாசிக்கப்படும் கருவிதான் என் மேசைக்குக் குறைவாக வருகிறது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, அடாப்டரில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் சற்று இறங்குவதால் கேடில்லை. இடி மின்னலின்போதும், மின்சாரம் போய்த் திரும்ப வரும்போதும் பிளக்கைப் பிடுங்கி வைத்திருப்பது நல்லது. சிடி-எஸ்300 அடாப்டர் 9.5 வோல்ட், இ373 அடாப்டர் 12 வோல்ட். முனை பொருந்துகிறதே என்று ஒன்றை மற்றொன்றில் செருகக் கூடாது.

பயன்படுத்தியதை வாங்குவதானால் முதலில் கருவியைக் கவிழ்த்துத் திருகாணிகளைப் பாருங்கள். அவை துருப்பிடித்திருந்தால் உள்ளேயும் அப்படித்தான் இருக்கும். பேட்டரி அறையில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைசிக் கீ வரை ஒவ்வொன்றையும் மெதுவாக ஒருமுறையும் வேகமாக ஒருமுறையும் அழுத்திக் கேளுங்கள். உள்ளூர்க் கருவியைவிட மதுரைப் பக்கமிருந்து வருவது பாதுகாப்பு.

தங்கச்சிமடம் வாசி

மூவருக்கும் நன்றி. ஆசிரியையிடம் கேட்டேன். பியானோ பாடத்திட்டம்தான் என்றார். ஆனாலும் முதல் ஆண்டுக்கு டச் ரெஸ்பான்ஸ் உள்ள 61 கீ போதும் என்று ஒப்புக்கொண்டார். அவ்வாறே வாங்கிவிட்டு, பிறகு எடை வைத்த பியானோவுக்கு மாறினால் விரலுக்குச் சிரமமாக இருக்குமா? கருவியை உணவு மேசையின் மேல் வைத்துப் பழகலாமா?

பியானோ டீச்சர், மதுரை

சிரமம் இருக்கும், ஆனால் சிறு வயதில் சில வாரங்களில் பழகிவிடும். நான்கைந்து ஆண்டுகள் தள்ளிப்போட்டால்தான் கடினம். வகுப்புக்குப் போகும்போது ஆசிரியையின் பியானோவில் கொஞ்ச நேரமாவது வாசிக்கவிடச் சொல்லுங்கள்.

உணவு மேசை பொதுவாகச் சற்று உயரம். அதன் மேல் கருவியையும் வைத்தால் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டு வாசிக்கும். முழங்கை கீயின் மட்டத்துக்கு வர வேண்டும். உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டு வாங்கினால் அவள் வளர வளர ஏற்றிக்கொள்ளலாம். பாதம் தரையைத் தொடாவிட்டால் கீழே ஒரு பலகை போடுங்கள். பெடலைப் பின்னர் வாங்கலாம், முதல் சில மாதங்களுக்குத் தேவைப்படாது.

பாம்பன் பாடகர் குழு

இணையத்தில் நூறு இருநூறு குறைந்தாலும் மதுரைக் கடையிலேயே வாங்குங்கள் ஐயா. எல்லாக் கீயையும் அங்கேயே அழுத்திப் பார்க்கலாம், உத்தரவாதக் காலத்தில் ஏதாவது ஆனால் நேரில் கொண்டுபோய்க் காட்டலாம். பில்லில் மாடல் எண்ணை முழுமையாக எழுதச் சொல்லுங்கள்.